பேஸ்மென்ட்ல ஒரு தராசு: ரைஃபிள் தோட்டா ரீலோடிங் ஆரம்பிச்ச கதை

துப்பாக்கி சுடற ரேஞ்ச்ல சுட்டு முடிச்சுட்டு கீழ விழுந்து கெடந்த பித்தளை கேஸ், அதாவது காலித் தோட்டா உறை, எல்லாத்தையும் அள்ளி அங்க இருக்குற வாளில போடப் போனேன், பக்கத்து பெஞ்சுல இருந்த எங்க தெருப் பெரியவர் கைய நீட்டி நிறுத்தினாரு. ஒரே ஒரு தடவ சுட்ட கேஸ், அதுவும் உன் துப்பாக்கில சுட்டது, அத ஏன் போடுற, இன்னும் அஞ்சாறு தடவ தாங்கும்னாரு. அன்னைக்கு இருபது கேஸ ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ரெண்டரை வருஷம் ஆச்சு. இப்ப பேஸ்மென்ட்ல ஒரு மூலை முழுக்க ரீலோடிங்குக்கே, அதாவது சுட்ட கேஸ திரும்பவும் தோட்டாவா ஆக்கறதுக்கே ஆயிடுச்சு, ரெண்டு மூணு பேர் எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்றதுக்கு இங்க ஒரே தடவ எழுதிடலாம்னு உக்காந்துருக்கேன்.

நான் இருக்கறது பென்சில்வேனியால. இங்க மான் சீசன்னா அது ஒரு திருவிழா மாதிரி, முன்னாடி எல்லாம் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமை ரைஃபிள் சீசன் தொறக்கும், 2019ல இருந்து அத சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. ஆஃபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு நானும் ஹண்டர் கோர்ஸ் முடிச்சு லைசென்ஸ் எடுத்தேன், 308 வின்செஸ்டர்ங்கற தோட்டா அளவுல ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குனேன், ஒவ்வொரு தடவையும் கையால போல்ட்ட இழுத்து சுடற வகை.

மேல போறதுக்கு முன்னாடி சட்டத்த சொல்லிடறேன், ஏன்னா படிக்கறவங்க பாதி பேர் ஊர்ல இருப்பீங்க, மீதி பேர்ல நிறைய பேர் எச்1பில இருப்பீங்க. இந்தியால 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேணும், வீட்ல உக்காந்து யாரும் செஞ்சு பாக்கற விஷயம் கெடையாது. இங்க அமெரிக்கால மத்திய சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண தனி லைசென்ஸ் வேண்டாம், ஆனா செஞ்சத விக்கறத தொழிலா வச்சுக்கிட்டா லைசென்ஸ் கட்டாயம். எச்1பி மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சுக்கவே கூடாது, செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும் இருக்கு, கிரீன் கார்டு வந்துட்டா கதை வேற. நான் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் ரேஞ்ச் பக்கமே போகல. இதுல யாரும் அவன் செஞ்சான் இவன் செஞ்சான்னு பாக்காதீங்க, ஒரு தடவ மாட்டுனா விசாவே போயிடும். மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டமும் இருக்கு, உங்க ஊர் சட்டத்த நீங்களே பாத்துக்கணும்.

சரி, தோட்டான்னா என்ன. நம்ம பேச்சுல புல்லட்னா எல்லாத்துக்கும் புல்லட்தான், ஆனா ரீலோட் பண்றவங்க மத்தியில புல்லட்னா முன்னாடி இருக்குற அந்த மூக்கு மட்டும், குழாய விட்டு பறந்து போற பாகம். மொத்தம் நாலு சாமான். பித்தளைல செஞ்ச கேஸ், அதோட அடியில நடுவுல ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ப்ரைமர், உள்ள வெடி மருந்து, மேல புல்லட். ஊசி ப்ரைமர அடிக்கும், ப்ரைமர் நெருப்பக் கக்கும், மருந்து எரிஞ்சு கேஸ் எல்லாப் பக்கமும் உப்பி சேம்பர் (துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறை) சுவத்தோட ஒட்டிக்கும், புல்லட் மட்டும் போக வழி இருக்கறதால போயிடும். 308க்கு இந்த அழுத்தம் சதுர இன்ச்சுக்கு 62,000 பவுண்டு வரைக்கும் போகலாம்னு அளவு வச்சிருக்காங்க. கார் டயர்ல 32, 35ன்னு காத்து அடிக்கறோம் இல்லையா, அதே கணக்குல 62,000. உங்க முகத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல நடக்குது இது. இந்த நம்பர நான் பெஞ்சுக்கு மேல ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.

சுட்டப்புறம் புல்லட் போச்சு, மருந்து எரிஞ்சு போச்சு, ப்ரைமர் செத்துப் போச்சு, கேஸ் மட்டும் மிச்சம். நாலுல விலை ஜாஸ்தியானது பெரும்பாலும் அந்தக் கேஸ்தான், அத வச்சு மத்த மூணையும் புதுசா போடறதுதான் ரீலோடிங். எல்லா கேஸுக்கும் இது சுலபமில்ல. பாக்ஸர், பெர்டான்னு ரெண்டு வகை இருக்கு, பாக்ஸர் வகையில கேஸ் அடியில நடுவுல ஒரே ஓட்டை, ஒரு ஊசிய விட்டுத் தள்ளுனா பழைய ப்ரைமர் விழுந்துடும். பெர்டான்ல ரெண்டு சின்ன ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஊசி போகாது. எட்வர்ட் பாக்ஸர் பிரிட்டிஷ்காரர், ஹைரம் பெர்டான் அமெரிக்கர், ரெண்டு பேரும் 1866 வாக்குல கண்டுபிடிச்சாங்க, ஆனா அமெரிக்கால நிலைச்சது பிரிட்டிஷ்காரரோட பாக்ஸர், ஐரோப்பால பரவுனது அமெரிக்கரோட பெர்டான். இங்க வீட்ல ரீலோடிங் இவ்வளவு பரவுனதுக்கு அந்த ஒத்தை ஓட்டை ஒரு பெரிய காரணம்னு நான் நெனைக்கறேன்.

காசு மிச்சமாகுமான்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. ஒரு தோட்டாவுக்கு ஆகற செலவு கடை விலைய விட கம்மிதான், போட்டிக்குன்னு செய்யற நல்ல மேட்ச் தோட்டாவோட ஒப்பிட்டா ரொம்பவே கம்மி, ஆனா சாமான் வாங்குன காசு திரும்பி வர வருஷங்கள் ஆகும், வருஷத்துக்கு ரெண்டு பெட்டி சுடறவங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அது போக 2020ல கோவிட் சமயத்துல ப்ரைமர் எங்க தேடுனாலும் கெடைக்கல, அலமாரி காலி, பெரியவர் மாதிரி முன்னாடியே வாங்கி வச்சிருந்தவங்கதான் சுட முடிஞ்சது. அதனால காச மட்டும் மனசுல வச்சு இறங்குனா ஏமாத்தமா இருக்கும். எனக்குப் பிடிச்சது வேற. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு ருசி இருக்கு, அதுக்குப் பிடிச்ச புல்லட், அதுக்குப் பிடிச்ச மருந்து அளவு, அத நாமளே தேடிக் கண்டுபிடிச்சு நூறு கஜத்துல அஞ்சு குண்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள்ள விழும்போது வர்ற சந்தோஷம் கடை டப்பாவுல கெடைக்கல.

ஆரம்பிக்கறவங்க மொதல்ல வாங்க வேண்டியது மெஷின் இல்ல, புத்தகம். ரீலோடிங் மேனுவல்னு ஹார்னடி, சியரா, லைமன், ஸ்பியர் எல்லாம் போடறாங்க, ரெண்டு கம்பெனியோடத வாங்கி முன் பக்கத்துல இருக்குற பாடங்கள முழுசா படிங்க, நடுவுல இருக்குற அட்டவணைக்கு நேரா தாவாதீங்க. அட்டவணைல இந்தப் புல்லட், இந்த மருந்து, ஆரம்ப அளவு இவ்வளவு, உச்ச அளவு இவ்வளவுன்னு போட்டிருக்கும். எப்பவும் ஆரம்ப அளவுல இருந்து மெதுவா ஏறணும். நான் எத்தன கிரெய்ன் (மருந்தோட எடை) போடறேன்னு இங்க எழுத மாட்டேன், கேக்கவும் கேக்காதீங்க, என் துப்பாக்கிக்கு சரியா இருக்கறது உங்க துப்பாக்கில ஆபத்தா இருக்கலாம். எவனோ இன்டர்நெட்ல எழுதுனதப் பாத்துப் போடறதும் கூடவே கூடாது, ஒரு இலக்கத்த மாத்தி டைப் பண்ணியிருந்தா போச்சு.

பேர்லயும் குழப்பம் இருக்கு. 4350ன்னு பேர் உள்ள மருந்து ஐஎம்ஆர் பிராண்டுல ஒண்ணு, ஹாட்ஜ்டன் பிராண்டுல ஒண்ணு, அக்யுரேட் பிராண்டுல ஒண்ணு, மூணும் வேற வேற, ஒண்ணோட அளவ இன்னொண்ணுக்குப் போடக்கூடாது. நம்பர் ஒண்ணா இருக்கறதுக்கு பின்னாடி கதை இருக்கு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ராணுவத்துல மிஞ்சிப் போன 4895 மருந்த புரூஸ் ஹாட்ஜ்டன்ங்கறவரு மொத்தமா வாங்கி, பழைய ரயில் பெட்டில சேத்து வச்சு, சில்லறைல வித்தாரு. ஹாட்ஜ்டன் கம்பெனி அப்படித்தான் வளந்துச்சு. அந்தப் பழைய நம்பரே பேரா நிலைச்சிடுச்சு, இன்னைக்கும் டப்பா மேல 4895 இருக்கு, அதுலயும் ஐஎம்ஆர் ஒண்ணு, ஹாட்ஜ்டனோட எச் போட்டது ஒண்ணு. டப்பா மேல இருக்குற முழுப் பேரையும் எழுத்து எழுத்தா படிச்சுட்டுத்தான் நான் மூடியத் தொறப்பேன்.

சாமான்ல பிரஸ், அதாவது கேஸ அமுக்கற மெஷின்தான் பெருசு. ஒவ்வொரு தடவ நெம்புகோல இழுக்கும்போதும் ஒரே ஒரு வேலை செய்யற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்க, ஒரே இழுப்புல நாலஞ்சு வேலை நடக்குற புரோக்ரசிவ் பிரஸ் மொதல்ல வேண்டாம், எது எங்க தப்பாச்சுன்னு புரியறதுக்குள்ள பத்து தோட்டா தப்பா வந்துடும். நான் வாங்குனது ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், செகண்ட் ஹேண்ட், வார்ப்பு இரும்பு, நம்ம ஊர் சேமியா பிழியற மெஷின பெருசு பண்ணி பெஞ்சுல போல்ட் போட்டு இறுக்குன மாதிரி இருக்கும். ஆர்சிபிஎஸ்ங்கற பேரே ராக் சக் புல்லட் ஸ்வேஜ்ங்கறதோட சுருக்கம், ராக் சக்னா மலைப்பக்கம் இருக்குற பெரிய அணில் மாதிரி ஒரு பிராணி, 1943ல கலிஃபோர்னியா ஓரோவில்ல ஃப்ரெட் ஹன்டிங்டன் அத சுடறதுக்கு புல்லட் செய்ய ஒரு கருவி செஞ்சாரு, அதுல ஆரம்பிச்ச கம்பெனி. பட்ஜெட் கம்மின்னா லீ கம்பெனியோட பிரஸ் போதும், தாராளமா வேலை செய்யும். அப்புறம் 308க்கு டை செட் (பிரஸ்ல மாட்டற அச்சு), டிஜிட்டல் கேலிப்பர், கேஸ் வெட்டற டிரிம்மர், வாய்ப்பக்கம் பிசிறு எடுக்கற கருவி, ஐம்பது குழி உள்ள லோடிங் பிளாக், புனல், லூப் (கேஸ் வழுக்கிட்டுப் போக தடவற பசை), கண்ணாடி. கண்ணாடின்னா கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி, ப்ரைமர் எடுக்கும்போது கழட்டவே கூடாது.

தராசு பத்தி கொஞ்சம் அதிகமா எழுதறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான சாமான் அதுதான். எங்க தாத்தா நாகர்கோவில்ல நகை வேலை செஞ்சவரு. அவரோட தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும், எடை போடும்போது ஃபேன நிறுத்தச் சொல்லுவாரு, நாங்க பக்கத்துல நின்னு பேசுனாக்கூட கைய ஆட்டுவாரு, மூச்சுக் காத்து பட்டா தட்டு ஆடும். சின்ன எடைக்கு குன்றிமணி. ரீலோடிங்ல எல்லாம் கிரெய்ன் கணக்கு, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம், அதாவது ஒரு குன்றிமணில பாதிக்கும் சொச்சம். 168 கிரெய்ன் புல்லட்னா 10.9 கிராம், ஒன்றேகால் பவுனுக்கு மேல. நான் எலக்ட்ரானிக் தராசு ஒண்ணும் வாங்குனேன், பழைய மாதிரி கைத்தராசு போல ஆடற பீம் தராசு ஒண்ணும் வாங்குனேன். எலக்ட்ரானிக் தராசு சூடாகறதுக்கு அரை மணி நேரம் வேணும், டியூப் லைட் பக்கத்துல வச்சா சில சமயம் நம்பர் தானா நகரும், ஏசி காத்து பட்டா நகரும், பக்கத்துல போன் இருந்தாலும் நகரும். அதனால பத்து தடவைக்கு ஒரு தடவ சோதனை எடைக்கல்ல வச்சுப் பாப்பேன். ரெண்டு தராசும் ஒரே நம்பர் காட்டுனாத்தான் வேலை தொடரும். பேஸ்மென்ட்ல ஹீட்டர் காத்து வர்ற ஓட்டைய அட்டை வச்சு மூடிட்டுத்தான் உக்காருவேன், தாத்தா ஃபேன நிறுத்தச் சொன்னது அப்பல்லாம் ஞாபகம் வரும்.

இப்ப வேலை. சுட்ட கேஸ ஒவ்வொண்ணா கையில எடுத்து வெளிச்சத்துல பாக்கணும், வாய்ல வெடிப்பு இருக்கா, அடியில இருந்து கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியுதான்னு. ராணுவ கேஸையும் கடை கேஸையும் கலக்கக்கூடாது, ராணுவ கேஸ் சுவர் பெரும்பாலும் தடிமனா இருக்கும், உள்ள இடம் கம்மி, அதே அளவு மருந்து போட்டா அழுத்தம் ஏறிடும். அடியில குத்தியிருக்குற முத்திரைய வச்சுப் பிரிச்சு தனித்தனி டப்பாவுல போட்டு வைங்க. அப்புறம் சுத்தம் பண்றது, நான் டம்ளர்னு சொல்ற சுத்தம் பண்ற மெஷின்ல மக்காச்சோளத் தக்கைப் பொடி போட்டு சுத்த விடறேன், ரெண்டு மூணு மணி நேரம், வீட்டுக்குள்ள இல்ல, கராஜ்ல. காரணம் கீழ சொல்றேன்.

அடுத்தது சைஸ் பண்றது. சுட்டதும் கேஸ் உப்பியிருக்கும், அத டைக்குள்ள தள்ளி பழைய அளவுக்கு அமுக்கணும், அதே இழுப்புல பழைய ப்ரைமரும் வெளிய வந்துடும். இதுக்கு முன்னாடி கேஸ் மேல மெல்லிசா லூப் தடவணும். நான் மூணாவது நாள் ஒரு கேஸுக்கு லூப் தடவாம விட்டுட்டேன், பாதி வழியில இறுகிடுச்சு, நெம்புகோல் மேலயும் போகல கீழயும் வரல, பலமா இழுத்தேன், கேஸோட விளிம்பு பிஞ்சு வந்துடுச்சு, கேஸ் டைக்குள்ளயே நின்னுடுச்சு. அத எடுக்க அடியில துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்கணும், அதுக்குன்னு தனி கிட் விக்கறாங்க. பெரியவர் அவரோட கிட்ட எடுத்துட்டு வந்து ஒரு மணி நேரம் கூட நின்னு எடுத்துக் குடுத்தாரு. அவர் ரிட்டயர்ட் மெஷினிஸ்ட், நாப்பது வருஷமா ரீலோட் பண்றவரு. லூப் கம்மியானா மாட்டும், ஜாஸ்தியானா கேஸ் தோள்ல, அதாவது மேல கழுத்துப்பக்கம் குறுகற எடத்துல, பள்ளம் விழும், விரல்ல எடுத்து தலைக்கு எண்ணெய் தடவற மாதிரி இல்ல, விளக்குத் திரிக்கு எண்ணெய் தொட்டு வைக்கற மாதிரின்னு நான் எனக்கு சொல்லிக்கறேன்.

டைய எவ்வளவு கீழ எறக்கறதுங்கறதும் முக்கியம். ரொம்ப எறக்குனா கேஸோட தோள் தேவைக்கு மேல பின்னாடி போயிடும், அடுத்த தடவ சுடும்போது கேஸ் முன்னாடி இழுபட்டு அடிப்பக்கம் மெலிஞ்சு போகும், நாலஞ்சு தடவையில அங்கயே ரெண்டாப் பிரியும். தோள 0.002 இன்ச் அளவுக்கு மட்டும் பின்னாடி தள்ளுனா போல்ட் ஆக்‌ஷனுக்குப் போதும், இத அளக்க கேலிப்பர்ல மாட்டற ஒரு சின்னக் கட்டை கெடைக்கும், வாழ்நாள் முழுக்க கூட வரும். கேஸ் நீளம் 2.015 இன்ச்ச தாண்டக்கூடாது, தாண்டுனா 2.005க்கு வெட்டணும். பிசிற எடுத்து, ப்ரைமர் குழியில இருக்குற கரிய சொரண்டி எடுத்தா கேஸ் தயார். இந்த வேலை எல்லாம் சலிப்பா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அப்படி இல்ல, ரேடியோல பாட்டு ஓடும், கை தானா போயிட்டிருக்கும்.

ஆனா ப்ரைமர் டப்பாவத் தொறந்ததுல இருந்து பாட்டு கெடையாது. ப்ரைமர் கையில புடிச்சு அமுக்கற கருவியில போடறேன், குழியோட அடியில போய் உக்கார்ற அந்த உணர்ச்சி விரல்ல தெரியும், கேஸ் அடியோட மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழ இருக்கணும், மேல துருத்திட்டு இருந்தா ஆபத்து. குழி லூசா இருந்து சுலபமா வழுக்கிட்டுப் போனா அந்த கேஸோட ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அப்புறம் மருந்து. பெஞ்சு மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், மீதி எல்லாம் அலமாரியில. வேலை முடிஞ்சதும் மிச்சத்த அதே டப்பால கொட்டி மூடணும், அளக்கற குழாய்ல விட்டுட்டுப் போகக்கூடாது, நாளைக்கு வந்து பாத்தா அது எந்த மருந்துன்னு சத்தியமா ஞாபகம் இருக்காது. எது என்னன்னு தெரியாத மருந்த சுடவே கூடாது.

இங்கதான் நான் செஞ்ச தப்ப சொல்லணும். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பிளாக்ல ஐம்பது கேஸ் வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணா மருந்து அளந்து ஊத்திட்டு இருந்தேன். ஊர்ல இருந்து அம்மா போன். அம்மா போன எடுக்காம இருக்க முடியுமா, மேல போய்ப் பேசுனேன், அரை மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு, கீழ வந்து விட்ட எடத்துல இருந்து தொடர்றதா நெனச்சுத் தொடர்ந்தேன். பிளாக்ல குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாக்கணும்னு மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு, அன்னைக்கு நான் பாக்கல. ஐம்பதுக்கும் புல்லட் வச்சு முடிச்சு டப்பாவுல அடுக்கிட்டேன்.

அடுத்த வாரம் ரேஞ்ச்ல பன்னெண்டு ரவுண்டு நல்லா போச்சு. பதிமூணாவதுக்கு டமார்னு வர வேண்டிய எடத்துல டப்புன்னு ஒரு சின்ன சத்தம், தோள்ல இடிக்கவே இல்ல. துப்பாக்கிய அசைக்காம குறிப்பக்கமே வச்சுக்கிட்டு அரை நிமிஷம் இருந்தேன், கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தது அது, மருந்து லேட்டா பத்தலாம். அப்புறம் போல்ட்ட இழுத்தேன், வெறும் கேஸ் வந்துச்சு. புல்லட் எங்க? எனக்கு உடனே ஓடல, கை அடுத்த தோட்டாவ எடுக்கப் போச்சு. பெரியவர் பக்கத்துல இருந்து போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அவரே போல்ட்ட கழட்டி, பின் பக்கம் வழியா குழாயப் பாத்துட்டு என் கிட்ட குடுத்தாரு. வெளிச்சம் தெரியல. உள்ள ஒரே இருட்டு. மருந்தே இல்லாத தோட்டா, ப்ரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட குழாய்க்குள்ள தள்ளிட்டு நின்னுடுச்சு. அது மேல இன்னொரு தோட்டா சுட்டிருந்தா குழாய் வெடிச்சிருக்கும், அதுக்குப் பின்னாடி என் கண்ணு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, மகளுக்கு அப்ப ஆறு வயசு.

புல்லட்ட முன் பக்கம் இருந்து பித்தளைக் கம்பி விட்டுத் தட்டி எடுத்தோம், பெரும் சேதம் இல்ல. மீதி 37 தோட்டாவ எடை போட்டுப் பாத்தா மருந்து இல்லாதது தெரிஞ்சிடுமேன்னு கேட்டேன். தெரியும்தான், ஆனா நீ எங்க விட்டு எங்க தொடர்ந்தன்னே உனக்குத் தெரியல, ஒண்ணுல நம்பிக்கை இல்லன்னா மொத்த லாட்லயும் நம்பிக்கை இல்லன்னாரு. சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கு, தோட்டாவ அதுக்குள்ள மாட்டி கெட்டியான கட்டைல ஓங்கித் தட்டுனா புல்லட்டும் மருந்தும் கழண்டு உள்ள விழும். 37யும் அப்படித் தட்டித் தட்டிப் பிரிச்சேன், ரெண்டு நாள் சாயங்காலம் முழுக்க, கை வீங்கிடுச்சு. எல்லாத்துலயும் மருந்து சரியாத்தான் இருந்துச்சு. இருந்தும் அந்த மருந்த திரும்ப உபயோகிக்காம வீட்டுக்குப் பின்னாடி புல்தரையில மெல்லிசா தூவிட்டேன்.

அதுக்கப்புறம் நான் மாத்துனது: காலி கேஸ் எல்லாம் பிளாக்ல தலைகீழா நிக்கும், எடுத்து, மருந்து ஊத்தி, நிமித்தி வைக்கணும், அதனால எதுல ஊத்துனேன் எதுல ஊத்தலன்னு தூரத்துல இருந்தே தெரியும். ஐம்பதும் முடிஞ்சதும் லைட்ட கொறச்சுட்டு டார்ச் அடிச்சு வரிசை வரிசையா பாப்பேன், எல்லாத்துலயும் மருந்து ஒரே மட்டத்துல நிக்கணும், ஒண்ணு மேடா இருந்தாலும் பள்ளமா இருந்தாலும் கொட்டிட்டு மறுபடி அளக்கணும். பாத்து முடிக்கற வரைக்கும் புல்லட் டப்பாவ தொறக்கறதில்ல. போன் மேல கிச்சன்ல இருக்கும். நடுவுல எந்திரிக்கற மாதிரி ஆச்சுன்னா பிளாக்ல இருக்குறது மொத்தத்தையும் டப்பாவுல திரும்பக் கொட்டிட்டுத்தான் எந்திரிப்பேன், நாப்பத்தொன்பது முடிஞ்சிருந்தாலும் சரி.

புல்லட் வைக்கறது மேனுவல்ல குடுத்திருக்குற நீளத்துக்கு, 308க்கு மொத்த நீளம் அதிகபட்சம் 2.810 இன்ச், கேலிப்பர்ல அளந்து அளந்து டைய திருப்பணும். மானுக்கு வேற புல்லட், ரேஞ்ச்ல குறி வைக்கற பேப்பருக்கு வேற புல்லட், சியரால மேட்ச்கிங் குறிபாத்து சுட, கேம்கிங் வேட்டைக்கு, கம்பெனியே மேட்ச்கிங்க வேட்டைக்கு சிபாரிசு பண்றதில்ல. காயப்பட்டு ஓடுற மான ராத்திரி டார்ச் வச்சுத் தேடற நெலம யாருக்கும் வரக்கூடாது, அந்த மிருகத்துக்கும் வரக்கூடாது. சுடும்போது ஒவ்வொரு கேஸையும் எடுத்துப் பாருங்க, ப்ரைமர் தட்டையா நசுங்கியிருந்தா, போல்ட் தூக்க கஷ்டமா இருந்தா, அடியில பளபளன்னு தேய்ச்ச தடம் இருந்தா உடனே நிறுத்துங்க, அதுக்கு மேல ஏத்தி வச்சிருக்குறதையும் சுடாம வீட்டுக்குக் கொண்டு வந்து பிரிங்க.

கொழந்தைங்க இருக்குற வீட்டுக்கு ஒண்ணு. ப்ரைமர்ல ஈயம் கலந்த ரசாயனம் இருக்கு, சுட்ட கேஸ்ல இருக்குற கரியிலயும் டம்ளர் தூசியிலயும் ஈயம் ஒட்டியிருக்கும், அதனாலதான் டம்ளர் கராஜ்ல. கையுறை போடுங்க, பெஞ்சுல காபி டம்ளரோ முறுக்குத் தட்டோ வைக்காதீங்க, முடிச்சதும் கை கழுவி சட்டைய மாத்திட்டுத்தான் நான் மகள தூக்குவேன். மருந்து அதோட சொந்த டப்பாவுலயே இருக்கணும், வீட்ல 20 பவுண்டுக்குள்ள, ப்ரைமர் 10,000க்குள்ளன்னு இங்க தீயணைப்பு விதி ஒண்ணு இருக்கு, என் கிட்ட அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ரெண்டும் வேற வேற அலமாரி, ரெண்டுக்கும் பூட்டு. அலமாரிதான் பூட்டுல இருக்கணும், இரும்புப் பெட்டிக்குள்ள காத்துப் புகாம அடைச்சு வைக்காதீங்க, தீ பிடிச்சா அழுத்தம் சேந்து அதுவே குண்டாயிடும்.

ஒரு நோட்டும் போடுங்க. நான் ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, கேஸ் முத்திரை, எத்தனாவது தடவ, ப்ரைமர், மருந்தோட லாட் நம்பர், புல்லட், நீளம், அன்னைக்கு வெயில் எவ்வளவு, பேப்பர்ல எப்படி விழுந்துச்சு எல்லாம் எழுதறேன். டப்பா மேலயும் அதே நம்பர் ஒட்டியிருக்கும். மருந்து டப்பா தீந்து புதுசு வாங்குனா லாட் மாறும், அப்ப திரும்பக் கீழ இருந்து ஆரம்பிக்கணும்.

அந்த முதல் இருபது கேஸ் பத்தி சொல்லல இல்ல. அஞ்சு தடவ சுட்டாச்சு. போன வாரம் ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி நுனிய மடக்கி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் விட்டு அடிப்பக்கச் சுவர சொரண்டிப் பாத்தேன், மூணுல நுனி ஒரு பள்ளத்துல தட்டுச்சு. வெளிய இன்னும் வளையம் கூட தெரியல, உள்ள மெலிஞ்சிருக்கு. மூணையும் இடுக்கில நசுக்கி பழைய பித்தளை டப்பால போட்டுட்டு மத்த பதினேழையும் நோட்டுல குறிச்சு வச்சேன், இன்னொரு தடவ பாத்துட்டு எல்லாத்தையும் சேத்து ஓய்வு குடுத்துடலாம்னு இருக்கேன்.

புது லாட் ஐம்பது கேஸ் ப்ரைமர் போட்டு பிளாக்ல தலைகீழா நிக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அம்மா ஒன்பது மணி வாக்குல கூப்பிடுவாங்க, பேசி முடிச்சுட்டு கீழ எறங்கணும்.